கேஸ் கட்டைப் பிடித்து வைத்தால் ஃபீஸ் வருமா?

வழக்கு முடிந்துவிட்டது. பேசிய ஃபீஸில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது. கட்சிக்காரர் போனை எடுப்பதில்லை. குமாஸ்தா வீட்டுக்குப் போனால் ஆள் வயலுக்குப் போயிருக்கிறார் என்று பதில் வருகிறது. ஊரார் பாக்கிக்கெல்லாம் நோட்டீஸ் எழுதிக் கொடுக்கும் வக்கீல், தன் பாக்கியை எப்படி வசூலிப்பார்?

ஸ்ரீரங்கப்பட்டணத்தை வைத்துப் பார்ப்போம். திப்பு சுல்தானின் கோட்டைக்காகவும் ஆதிரங்கம் கோயிலுக்காகவும் தமிழர்கள் நிறையப் போகும் ஊர். காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றி ஓடும் தீவு. மைசூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவுதான் என்றாலும், நிர்வாகக் கணக்கில் மண்டியா மாவட்டம். தாலுகா நீதிமன்றம் ஊரிலேயே இருக்கிறது. மேலே போனால் மண்டியா மாவட்ட நீதிமன்றம். கைக்கெட்டும் பெரிய ஊர் மைசூர் என்பதால், வக்கீலைத் தேடி அங்கே போகிறவர்களும் உண்டு. சுற்றிலும் கண்ணம்பாடி அணைத் தண்ணீர் பாயும் நெல், கரும்பு வயல்கள். பெங்களூரு–மைசூர் நெடுஞ்சாலை தாலுகாவின் ஊடாகவே போகிறது. நிலத்துக்கு விலை ஏறிய இடத்தில் பாகப்பிரிவினையும் வரப்புத் தகராறும் இழப்பீட்டு வழக்கும் வராமல் இருக்காது.

ஒரு பேச்சுக்கு, இந்தத் தாலுகாவின் விவசாயி ஒருவர். சாலைக்காக எடுத்த ஒரு ஏக்கருக்குக் கொடுத்த தொகை போதாதென்று வழக்குப் போடுகிறார். வக்கீலின் அலுவலகம் மைசூரில். பேசிய ஃபீஸ் 60,000 ரூபாய், முன்பணம் 20,000. “மிச்சத்தை கேஸ் முடிஞ்சதும் தந்துடறேன் சார்” என்கிறார் விவசாயி. “அதுக்கென்ன, மெதுவா கொடுங்க” என்கிறார் வக்கீல். எதையும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வாக்கியங்களில்தான் தொடங்குகின்றன.

சட்டம் இந்த உறவை எப்படிப் பார்க்கிறது என்பதற்குக் கல்யாணச் சமையலைப் பார்த்தால் போதும். சமையல் மாஸ்டருடன் பேசும்போது இரண்டு பணம் பேசுவோம். ஒன்று மளிகை, காய்கறி, விறகுக்கு. இன்னொன்று அவருடைய கூலி. மளிகைப் பணம் மாஸ்டர் கையில் இருந்தாலும் அது கல்யாண வீட்டுப் பணம். கோட்டை அடுப்பில் ஏற்றிய அண்டாவும் தவலையும் வீட்டுக்காரருடையவை. மேடையில் எழுதப்படும் மொய்க்கும் மாஸ்டருக்கும் சம்பந்தமே இல்லை. பந்தி உட்கார்ந்த பிறகு கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவர் கிளம்பவும் கூடாது. கூலி பாக்கி என்றால் கேட்கலாம், வழக்குப் போடலாம். அண்டாவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வக்கீல் ஃபீஸ் பற்றிய இந்தியச் சட்டம் ஏறக்குறைய முழுவதும் இதற்குள் இருக்கிறது.

மளிகைப் பணத்திலிருந்து ஆரம்பிப்போம். இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 25-ஆம் விதி, கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைத்தே தீர வேண்டும் என்கிறது. வாங்கிய தொகை ஃபீஸுக்கா, செலவுக்கா என்று கணக்கில் காட்ட வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, கோர்ட் கட்டணத்துக்கோ சாட்சிப் படிக்கோ கொடுத்த பணத்தைக் கட்சிக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் ஃபீஸ் பக்கம் திருப்பக் கூடாது. வழக்கு முடிந்த பிறகு 28-ஆம் விதி ஒரு கதவைத் திறக்கிறது: செலவுக்கு வாங்கியதில் மிச்சமிருந்தாலோ, அந்த வழக்கில் கைக்கு ஏதாவது தொகை வந்திருந்தாலோ, ஏற்கெனவே பேசி முடிவான ஃபீஸுக்கு அதில் எடுத்துக்கொள்ளலாம். ஃபீஸே பேசவில்லை என்றால் 29-ஆம் விதி. நீதிமன்ற விதிகளின்படி வரும் தொகையை மட்டும் கழித்துக்கொண்டு பாக்கியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கழிக்கும் உரிமை பணத்தின் மேல்தான். காகிதத்தின் மேல் கிடையாது.

காகிதம்தான் பெரிய சண்டை. கோபம் வந்த வக்கீல் முதலில் நினைப்பது கேஸ் கட்டைத்தான். பத்திரம், பட்டா, சாட்சியத்தின் நகல் எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. பணம் வந்தால் கட்டு என்று சொல்லிவிட்டால் கட்சிக்காரர் ஓடி வருவார். சில ஊர்களில் இப்போதும் நடப்பது இதுதான். இந்தியாவில் இது தவறு என்று உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது.

வழக்கு போபாலில் பிறந்தது. மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகராக ஆர்.டி. சக்சேனா என்ற வக்கீல் இருந்தார். 1993-இல் வங்கி அவரை விலக்கி, கையில் உள்ள வழக்குக் கட்டுகளைத் திருப்பிக் கேட்டது. அவர் 97,100 ரூபாய்க்கு ஒரு பில் அனுப்பி, அதைத் தீர்த்தால் கட்டுகளைத் தருவேன் என்றார். வங்கி பாக்கியே இல்லை என்றது. வங்கியின் வழக்குகள் நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருக்க, கட்டுகள் வக்கீலிடம். விவகாரம் பார் கவுன்சிலுக்குப் போனது. இந்திய பார் கவுன்சிலின் ஒழுங்குக் குழு அவருக்கு 18 மாதம் தொழில் தடையும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2000 ஆகஸ்ட் 22-இல் நீதிபதி கே.டி. தாமஸ் எழுதிய தீர்ப்பு வந்தது.

சக்சேனாவின் வாதத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு, பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமையைச் சிலருக்குத் தருகிறது: வங்கிக்காரர், கப்பல்துறைக் கிடங்குக்காரர், அவர்களோடு ‘உயர் நீதிமன்ற அட்டர்னி’யும் அந்தப் பட்டியலில் உண்டு. அட்டர்னி என்ற தனி இனமே 1976-இல் வந்த சட்டத் திருத்தத்தோடு இந்தியாவில் முடிந்துபோனது. அந்த அட்டர்னியின் வாரிசு நான்தான் என்பது சக்சேனாவின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. பிடித்து வைக்க அது ‘சரக்கு’ ஆக இருக்க வேண்டும். விற்றால் காசாகும் பொருளாக இருக்க வேண்டும். கேஸ் கட்டைச் சந்தையில் விற்க முடியாது. கட்சிக்காரரைத் தவிர யாருக்கும் அது பயன்படாது. அவருக்கோ அது இல்லாமல் வழக்கே இல்லை. அந்தக் கட்டைப் பிடிப்பது வழக்கையே பிடித்து வைப்பதாகும். வக்கீலை மாற்றிக்கொள்ளும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு என்றால், கட்டைத் திரும்பப் பெறும் உரிமையும் அதோடு சேர்ந்தே வருகிறது. கொடுக்க மறுப்பது தொழில்முறை ஒழுங்கீனம். சட்டம் அதுவரை தெளிவாக இல்லாததால் சக்சேனாவின் தண்டனையை மட்டும் வெறும் கண்டனமாகக் குறைத்தார்கள்.

இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்குப் பாக்கிக்காகக் காகிதங்களைப் பிடித்து வைக்கும் உரிமை நெடுங்காலமாக உண்டு. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் ஏதோ ஒரு அளவில் உண்டு. இந்தியா வேறு வழியில் போனது சரி என்றே நினைக்கிறேன். நம் தாலுகா விவசாயியிடம் இருப்பது ஒரே ஒரு மூலப் பத்திரம். அதன் சான்றிட்ட நகலை வாங்கச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எத்தனை முறை அலைய வேண்டும் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தப் பத்திரத்தை வக்கீல் தன் அலமாரியில் பூட்டுவது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பது புரியும். ஃபீஸ் பாக்கி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த அளவு அதிகாரத்தை அதற்காகக் கொடுக்க முடியாது.

இதோடு ஒட்டிய இன்னொரு பிடி, வக்காலத்து. சிவில் நடைமுறைச் சட்டம் 3-ஆம் ஆணை 4-ஆம் விதிப்படி, கொடுத்த வக்காலத்து வழக்கு முடியும்வரை நடப்பில் இருக்கும். இடையில் முடிக்க வேண்டுமானால் நீதிமன்ற அனுமதியுடன் எழுத்தில் முடிக்க வேண்டும். அதனால் புது வக்கீல் பழைய வக்கீலிடம் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி வாங்கிக்கொண்டு வருவது பார் மரபு. பழைய பாக்கி தீராமல் அந்தக் கையெழுத்து கிடைப்பதில்லை. மரபு நல்ல நோக்கத்தில் வந்ததுதான். உழைத்தவரை ஏமாற்றிவிட்டு அடுத்த அறைக்குப் போவதை அது தடுக்கிறது. ஆனால் கையெழுத்து மறுக்கப்பட்டால் கட்சிக்காரர் நீதிமன்றத்திடமே அனுமதி கேட்கலாம். மறுபக்கமும் உண்டு: பார் கவுன்சிலின் 12-ஆம் விதிப்படி, போதிய காரணமும் போதிய முன்னறிவிப்பும் இல்லாமல் வக்கீல் வழக்கிலிருந்து விலகக் கூடாது. விலகினால் உழைக்காத பகுதிக்கு வாங்கிய ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும். பாக்கி வைத்தார் என்பதற்காகக் குறுக்கு விசாரணை நாளன்று எழுந்து போய்விட முடியாது.

இனி மொய். இழப்பீட்டு வழக்குகளில் வக்கீலும் கட்சிக்காரரும் விகிதக் கணக்கு பேசிக்கொள்வதுதான் பெரிய சோதனை. கையில் காசில்லாத விவசாயிக்கு அது வசதியாகத் தெரியும்: தோற்றால் ஒன்றும் வேண்டாம், ஜெயித்தால் நூற்றுக்கு இவ்வளவு. அமெரிக்காவில் விபத்து வழக்குகளில் இது சாதாரணம். இந்தியாவில் பார் கவுன்சிலின் 20-ஆம் விதி வெளிப்படையாகத் தடுக்கிறது: முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது, கிடைப்பதில் பங்கும் கேட்கக் கூடாது. வசூலில் பாதி என்று ஒப்பந்தம் போட்ட ஒரு மூத்த வக்கீலின் செயல் ஒழுங்கீனம் என்று 1954-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே விகிதம் பேசிய வக்கீல் பின்னால் வழக்குப் போட்டால், அவருடைய ஒப்பந்தமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். வசூலும் வராது, ஒழுங்கு நடவடிக்கை வரலாம்.

தெலங்கானாவில் நடந்தது இதை இன்னும் தெளிவாக்கியது. கணவரைச் சாலை விபத்தில் இழந்த பி. சுனிதா என்பவர் இழப்பீடு பெற்றார். வக்கீலுக்கு 10 லட்சம் ஃபீஸ் கொடுத்தார். மேலும் 3 லட்சத்துக்குக் காசோலை வாங்கப்பட்டது. அது வங்கியில் திரும்பியது. வக்கீல் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்கீழ் குற்ற வழக்குத் தொடுத்தார். 2017 டிசம்பரில் நீதிபதிகள் ஏ.கே. கோயல், யு.யு. லலித் அமர்வு அந்தக் குற்ற வழக்கை ரத்து செய்தது. இழப்பீட்டில் விகிதம் கேட்பது பொதுக் கொள்கைக்கு விரோதம். அந்த ஃபீஸுக்கு வாங்கிய காசோலையை வைத்துச் சிறைப் பயம் காட்டுவதும் செல்லாது. நியாயமாகப் பேசிய ஃபீஸுக்குக் கொடுத்த காசோலை திரும்பினால் 138 வழி திறந்தே இருக்கிறது: வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். ஆனால் அந்தக் காசோலைக்குப் பின்னால் இருக்கும் ஃபீஸ் ஒப்பந்தம் எப்படிப்பட்டது என்பதை நீதிமன்றம் பார்க்கும்.

கட்டைப் பிடிக்க முடியாது, பங்கு கேட்க முடியாது என்றால் மிஞ்சுவது கடன்காரராக நிற்பதுதான். இந்த உரிமையும் இயல்பாக வந்ததல்ல. இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஃபீஸுக்காக வழக்குப் போடவே முடியாது என்ற பழைய விதி 1990-இல்தான் சட்டத்தால் நீங்கியது. அவருக்குத் தரப்படுவது கூலி அல்ல, மரியாதைத் தொகை என்ற எண்ணம் அங்கே அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது. பிரிட்டிஷ் இந்தியா 1926-லேயே வக்கீல் ஃபீஸ் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, வக்கீல் கட்சிக்காரரோடு ஃபீஸ் பேசிக்கொள்ளலாம், பாக்கிக்கு வழக்குப் போடலாம், கவனக்குறைவுக்கு அவர்மேலும் வழக்குப் போடலாம் என்று மூன்றையும் சேர்த்து எழுதியது. ஸ்ரீரங்கப்பட்டணம் அப்போது மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. இன்றைக்கு அங்கே ஒரு வக்கீல் தன் பாக்கியைச் சாதாரண ஒப்பந்தக் கடனாகவே கேட்கலாம். சக்சேனா தீர்ப்பும் அந்த வழியைத்தான் காட்டுகிறது: கட்டைக் கொடுத்துவிடுங்கள், பாக்கிக்குச் சட்டப்படி வழக்கு நடத்திக்கொள்ளுங்கள்.

எங்கே போடுவது? பிரதிவாதி குடியிருக்கும் இடத்திலோ, வழக்குக் காரணத்தில் ஒரு பகுதியாவது எழுந்த இடத்திலோ போடலாம். விவசாயி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்காரர்; ஃபீஸ் பேசியது மைசூர் அலுவலகத்தில். இரண்டு ஊரும் பொருந்தும். நோட்டீஸை, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்ப வேண்டும். அதில் ஒப்பந்தத் தொகை, வரவு, பாக்கி, எந்த வழக்கு எண், எந்தத் தேதிகளில் ஆஜர் என்பதை வரிசையாகத் தந்தால் பாதி வழக்கு அங்கேயே ஜெயிக்கப்பட்டுவிடும். வழக்கறிஞர் நாட்குறிப்பும் நீதிமன்றத்தின் தினசரி உத்தரவுகளும் உழைப்புக்குச் சாட்சி.

காலக்கெடு மூன்று ஆண்டு. காலவரையறைச் சட்டம், 1963-இன் அட்டவணையில் 18-ஆம் இனம், கேட்டதன் பேரில் செய்த வேலைக்கான கூலி. பணம் தரும் தேதி பேசியிராவிட்டால் வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அதே அட்டவணையில் 8-ஆம் இனம் ஹோட்டலில் கொடுத்த சாப்பாட்டு விலை. அதற்கும் மூன்று ஆண்டுதான். வக்கீலின் உழைப்பு இந்த அட்டவணையில் எந்தத் தனி மரியாதையும் பெறுவதில்லை. கெடு முடிவதற்குள் கட்சிக்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால் கணக்கு அன்றிலிருந்து புதிதாக ஓடும். பழகிய மனிதர், அடுத்த அறுவடைக்குத் தருவார் என்று காத்திருந்தே பாக்கியை இழக்கிறவர்கள் இந்த ஒரு கையெழுத்தைக் கேட்கக் கூசியவர்கள்தான்.

எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 37-ஆம் ஆணையின்கீழ்ச் சுருக்க விசாரணை வழக்குத் தொடுக்கலாம். அதில் பிரதிவாதி பத்து நாளுக்குள் ஆஜராக வேண்டும். பிறகு தன் தரப்பைச் சொல்லவே நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். வெறும் மழுப்பலுக்கு அங்கே இடம் குறைவு. வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம் என்றால் சாதாரணப் பண வழக்கு, சாட்சிக் கூண்டு, வாய்தா. வக்கீலே அங்கே சாட்சி. தானே சாட்சியாக நிற்க வேண்டிய வழக்கில் கவுன் மாட்டி வாதாடுவது முறையல்ல. இன்னொரு வக்கீலை வைத்துக்கொள்ள வேண்டும். சாட்சி சொல்லும்போதும் ஒரு எல்லை உண்டு: கட்சிக்காரர் நம்பிச் சொன்ன ரகசியங்களை, பாக்கியை நிரூபிக்கத் தேவைக்கு மேல் வெளியே விடக் கூடாது.

கட்சிக்காரர் என்ன சொல்வார்? ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன், ரசீது தரவில்லை. மொத்த ஃபீஸில் மேல்முறையீடும் சேர்த்தி. வாய்தாவுக்கு வரவேயில்லை. இவற்றில் பலவும் உண்மையாகவே இருப்பதுண்டு. ரசீது கொடுக்கும் பழக்கம் இல்லாத அலுவலகங்களின்மேல் எனக்கு இரக்கம் வருவதில்லை. ஆனால் சேவைக் குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இப்போது வழியில்லை. 2024 மே 14-இல் டி.கே. காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் வேரும் ஃபீஸ் பாக்கிதான். டெல்லியில் ஒரு காசோலை வழக்கில் எதிர்த்தரப்பு கொடுத்த தொகையைக் கட்சிக்காரரிடம் சேர்ப்பதில் வந்த தகராறு, வக்கீல் 5,000 ரூபாய் ஃபீஸுக்கு வழக்குப் போட்டது, கட்சிக்காரர் நுகர்வோர் மன்றம் போனது என்று நீண்டு, நாட்டின் வக்கீல்கள் அனைவருக்குமான கேள்வியாகி முடிந்தது. கவனக்குறைவுக்குச் சிவில் வழக்கும், ஒழுங்கீனத்துக்கு மாநில பார் கவுன்சில் புகாரும் கட்சிக்காரருக்கு இன்னும் உள்ள வழிகள். கர்நாடகத்தில் அந்தப் பார் கவுன்சில் பெங்களூரில்.

நாற்பதாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்றால், வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன்கீழ் தாலுகா அளவிலும் குழு உண்டு. வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்துக்கு விவகாரத்தைக் கொண்டுபோகலாம். இருவரும் ஒப்புக்கொண்டால் அந்த முடிவு டிக்ரிக்குச் சமம்; மேல்முறையீடு இல்லை. அறுவடைக்கு அறுவடை பத்தாயிரம் என்று தவணை எழுதிக்கொள்ளலாம். சின்ன ஊரில் நாளையும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்களுக்கு இதுவே நல்ல வழி.

ஒப்பாமல் டிக்ரி வரை போனால், அதை நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் அமீனா எதை எடுக்கலாம் என்பதில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு கண்டிப்பாக இருக்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி ஆகியவற்றைத் தொடக் கூடாது. விவசாயி என்றால் உழவுக் கருவி, பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதை நெல், குடியிருக்கும் வீடு ஆகியவற்றையும் தொடக் கூடாது. கால்வாய்ப் பாசன வயலை நம்பி வாழும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் குடும்பத்தில், கழிக்க வேண்டியதைக் கழித்த பின் ஜப்திக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அப்போது வக்கீல் பார்க்க வேண்டிய இடம் அந்த இழப்பீட்டுத் தொகையே. கூட்டிக் கிடைத்த இழப்பீடு நீதிமன்றத்தில் கட்டப்பட்டு, இன்னும் விவசாயி எடுக்காமல் இருந்தால், 21-ஆம் ஆணை 52-ஆம் விதிப்படி அந்த நீதிமன்றத்துக்கே நோட்டீஸ் அனுப்பி, டிக்ரித் தொகை அளவுக்கு அதை ஜப்தி செய்யலாம். நூற்றுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் ஒரு காசும் கேட்க முடியாத அதே பணத்திலிருந்து, முதல் நாளே 60,000 என்று எழுதி வாங்கிய வக்கீல் தன் நாற்பதாயிரத்தை வட்டியுடன் பெற முடியும்.